திரைக்குத் ‘தகவமைக்கப்பட்ட’ மாயாவி: தழுவல் என்னும் சொல் பற்றி

சென்ற மாதம் நான்காம் படிவ மாணவர் ஒருவர் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்த கட்டுரையில், ஷாங்-சி என்ற காமிக்ஸ் நாயகனைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “அதிகம் அறியப்படாத இந்த அதிமனிதர் பெரிய திரைக்காகத் தகவமைக்கப்பட்டுள்ளார்.” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் எனக்கு, ‘தகவமை’ என்னும் இந்தச் சொல் புதிதன்று. படம் காட்டும் செயலி ஒன்றின் தமிழ்க் குறிப்பில் படித்திருக்கிறேன். வானொலியில் இருவர் படம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறேன். சிவப்பு மையால் அடித்துவிட்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, “மொழிபெயர்ப்புல போட்டுப் பார்த்தேன் ஐயா, அதுதான் வந்துச்சு” என்றார். அவரைக் கடிந்து என்ன பயன்? பெரியவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரு காமிக்ஸ் கதையையோ நாவலையோ எடுத்து, வேண்டிய மாற்றங்களைச் செய்து திரைப்படமாக்கும் செயலைத்தான் இங்கே பேசுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு அடாப்டேஷன் என்பார்கள். இலத்தீனில் ‘பொருத்து’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் அது. ஓர் உயிர் தன் சூழலுக்கேற்ப மாறுவதற்கும், ஒரு கதையைப் படத்திற்கேற்ப மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். மலாயிலும் அப்படியே, அடாப்டாசி என்று சொல்லிவிட்டு இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. முன்னதற்குத் தகவமைப்பு, பின்னதற்குத் தழுவல். சொல் விளக்கம் இவ்வளவுதான். இவ்வளவோடு நிறுத்த முடியாமைக்குக் காரணம், இரண்டாவது சொல்லை நம்மவர்கள் கண்முன்னே கைவிட்டுக்கொண்டிருப்பதுதான்.

தகவமைப்பு மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. தகவு என்றால் தகுதி, பொருத்தம். பொருத்தமுற அமைதல் தகவமைப்பு. உயிரியலுக்கு இதைவிட நல்ல சொல் அமையாது. வறட்சியான மாதங்களில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துக்கொள்வதும், அந்த நாள்களில் பால் குறைந்துபோவதும் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அது தகவமைப்பு. மரத்தை அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை; தலைமுறை தலைமுறையாகத் தானாக அமைந்தது. ஆனால், 1877-ஆம் ஆண்டு பிரேசில் வித்தில் வளர்ந்த கன்றுகளைப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் ஒருவர் நட்டதும், பின்னாளில் தோட்டங்களில் நாட்டுக்கன்றின் அடியில் நல்ல இனத்தின் மொட்டை வைத்து ஒட்டுக்கட்டியதும் மனிதர் செய்த வேலைகள். திரைப்படமாக்குவது இந்த இரண்டாம் வகை. ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் கட்டுகிறார். சரியாக வராவிட்டால் அவரைக் கேள்வி கேட்கலாம். இலையுதிர்த்த மரத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இலக்கணமும் இதையே சொல்கிறது. தகவமை என்ற வினை, ‘கொள்’ என்ற துணைவினையோடு வந்தால்தான் இயல்பாக ஒலிக்கும்: ஒட்டகம் பாலைவனத்திற்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது. ‘நாயகனைத் திரைக்குத் தகவமைத்தனர்’ என்னும்போது திரை ஏதோ ஒரு தட்பவெப்பம்போலவும், நாயகன் அதில் மூச்சுவிடப் பழகியவன்போலவும் ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தச் சொல் போகும் இடத்தைத்தான் காட்டுகிறது. வந்த இடத்தைக் காட்டுவதில்லை. ‘தழுவி’ என்று எழுதத் தொடங்கினால், எதைத் தழுவி என்ற கேள்வி உடனே நிற்கும். இரண்டாம் வேற்றுமை உருபு தனக்கொரு சொல்லைக் கேட்கும். மூலத்தின் பெயரைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. எல்லாருக்கும் தெரிந்த நாயகன் என்றால் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. பலரும் அறியாத நாயகனைப் படமாக்கும்போதுதான், இப்படி ஒரு மூலம் இருந்தது என்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அங்கேதான் இந்தச் சொல் மிகவும் தேவைப்படுகிறது.

மாணவரின் ஷாங்-சியையே எடுத்துக்கொள்வோம். 1973-இல் தொடங்கிய அந்தக் காமிக்ஸில் நாயகனின் தந்தை ஃபூ மஞ்சு. சீனர்களைக் கொடியவர்களாகக் காட்டும் பழைய ஆங்கில நாவல்களிலிருந்து கடன் வாங்கிய வில்லன் அவர். 2021-இல் வந்த படத்தில் அவர் இல்லை. வென்வு என்ற வேறொரு தந்தை வருகிறார். காமிக்ஸில் வேறொரு வில்லன் விரல்களில் அணிந்திருந்த பத்து மோதிரங்கள், படத்தில் தந்தையின் முன்னங்கைகளில் ஏறும் வளையங்களாகிவிட்டன. நம் பக்கத்து ஈப்போவில் பிறந்த மிஷேல் யோ அதில் நாயகனின் தாயோடு பிறந்தவராக வருகிறார். (ஆங்கிலத்தில் ஆண்ட்டி என்று மட்டும் சொல்லி அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், தமிழில் எழுதுகிறவர் தாய்வழியா, தந்தைவழியா என்றாவது விசாரித்தே ஆக வேண்டும்.) பழைய இழிவை நீக்கியதும், மோதிரத்தை வளையமாக்கியதும் சிலர் கூடி எடுத்த முடிவுகள். அவற்றைத் தகவமைப்பு என்று சொன்னால் முடிவெடுத்தவர்கள் மறைந்துபோவார்கள். முதலில் படைத்தவர்களும் மறைந்துபோவார்கள்.

இனி, தழுவலுக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்கள். முதலாவது, அது கட்டிப்பிடிப்பதைக் குறிக்கும் சொல், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பது. சிரிக்கட்டும். ஏறு தழுவுதல் என்று சொல்லும்போது அதே பிள்ளைகள் சிரிப்பதில்லை. அங்கே வீரன் காளையைக் கட்டிப்போடுவதில்லை. திமிலைப் பற்றிக்கொண்டு, அது ஓடும் வழியெல்லாம் விடாமல் போகிறான். தழுவு என்பதற்குப் பற்றுதல், சூழ்தல், சார்ந்து ஒழுகுதல் என்று அகன்ற பொருள் பழைய நாளிலிருந்தே உண்டு. ‘உலகம் தழீஇயது ஒட்பம்’ என்று வள்ளுவர் சொன்னபோது உலகத்தை யாரும் மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை. இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு. ‘சாத்தனும் வந்தான்’ என்றால், அவனுக்கு முன்பே வேறொருவன் வந்துவிட்டான் என்பது அந்த ‘உம்’மிலேயே இருக்கிறது. அதற்கு ‘இறந்தது தழீஇய எச்சவும்மை’ என்று பெயர். முன்னே ஒன்று இருந்தது என்பதைத் தன்னுள் வைத்திருப்பதே அங்கே தழுவுதல். காமிக்ஸிலிருந்து வந்த படத்தைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான வினையை இனி ஒருவர் புதிதாக உருவாக்கித் தர முடியாது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், உரிமை பெறாமல் வெளிநாட்டுக் கதையை எடுத்தாண்ட படங்களையெல்லாம் நாகரிகமாகத் ‘தழுவல்’ என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு ஒரு திருட்டு வாடையை ஏற்றிவிட்டார்கள். எனவே உரிமை பெற்று எடுத்த படத்திற்கு வேறு சொல் வேண்டும் என்கிறார்கள். வாடை உண்மைதான். ஆனால், திருட்டைத் திருட்டு என்று சொல்லத் துணியாதவர்கள் இரவல் வாங்கியதால் சொல் எப்படிக் குற்றவாளியாகும்? ஹாம்லெட்டை அமலாதித்யனாக்கி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவல் என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஷேக்ஸ்பியரின் பெயரை அவர் ஒளிக்கவில்லை. இன்னும் பின்னே போனால், மூலத்தை ஒட்டிச் செய்வதற்கு நம்மிடம் ஒரு கோட்பாடே இருந்திருக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வழிநூலின் வகைகளைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ வருவது வழிநூல் என்கிறது நன்னூல். அதாவது, முன்னவரின் முடிவோடு ஒத்துப்போய், பின்னவர் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்வது. ஒருசிறை மட்டும் தொட்டுக்கொண்டு மற்றதெல்லாம் திரிந்து வருவதற்குப் புடைநூல் என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். படத்தைக் காமிக்ஸோடு ஒப்பிட்டு இன்று இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு இந்த இரண்டு சூத்திரங்களே போதும்.

தழுவலை ஏற்றுக்கொண்டவர்களும் அதைச் சும்மா விடுவதில்லை. ‘தழுவலாக்கம்’ என்று வால் ஒட்டுகிறார்கள். தழுவலே தொழிற்பெயர், அதன்மேல் ஆக்கம் எதற்கு? எந்தச் சொல்லைக் கண்டாலும் ஆக்கமோ மயமோ ஒட்டினால்தான் கலைச்சொல் ஆகும் என்ற நம்பிக்கை நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எப்படியோ வந்துவிட்டது. எடுத்து முடித்த படத்தைத் திரைவடிவம் என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை; அது விளைவைக் குறிக்கிறது, தழுவல் செயலைக் குறிக்கிறது. மறுஆக்கம் என்பது படத்தையே மீண்டும் படமாக எடுப்பது. மூன்றையும் கலக்காமல் இருந்தால் போதும்.

என் தாய்மாமாவுக்கு இந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நான் கண்ட முதல் தழுவல் அவருடையது. தைப்பிங்கிலிருந்து வரும்போதெல்லாம் சிவகாசியில் அச்சான பழைய முத்து காமிக்ஸ் இரண்டொன்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962-இல் தொடங்கிய ‘தி ஸ்டீல் க்ளா’ என்னும் தொடரை, 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டெல், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். அந்தக் கை மட்டும் தெரியும். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘எஃகு நகம்’ என்று வந்து நின்றிருக்கும். அன்று பெயரிட்டவர் இரும்புக்கை மாயாவி என்றார். எஃகு இரும்பாகி, நகம் கையாகி, மூலத்தின் பெயரில் இல்லாத மாயாவி உள்ளே வந்து, கதை முழுவதையும் இரண்டு சொற்களில் சொல்லிவிட்டது. அந்தப் பெயரில் படமெடுக்கும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பலமுறை பேசியிருக்கிறார். அப்படி ஒன்று வந்தால், அதைத் ‘தகவமைப்பு’ என்று எழுதப்போகிறவர்களை நினைத்து இப்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

மாமா லயத்துப் படியில் உட்கார்ந்து அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போது லண்டன் காணாமற்போகும். மாயாவி எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் கொட்டகைக்குள் நுழைந்து கம்பியைத் தொட்டு மறைவான். பால் நிறுக்கும்போது எடையைக் குறைத்து எழுதும் கிராணிதான் வில்லன். தராசுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் வந்து நின்று, முள்ளை மெதுவாகச் சரியான இடத்திற்குத் தள்ளும். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும் என்பதால், அதற்குள் மாயாவி எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்; பத்தாகிவிட்டால் உடம்பு தெரிந்துவிடும். மூலத்தில் அப்படியொரு கெடு இல்லை. உண்மையிலேயே விளக்கு அணையும் நேரத்திற்குச் சரியாகக் கதையை முடித்துவிடுவார். பின்னோன் வேண்டும் விகற்பம் என்று நன்னூல் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் புரிய இன்னும் பத்தாண்டுகள் ஆயின. ஒவ்வொரு முறையும், “இது நான் கட்டினது இல்லடா, புஸ்தகத்துல உள்ளது” என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

சூப்பர் ஹீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. அதிமனிதன், மீநாயகன், அதிநாயகன் என்று பலரும் பலவாறு எழுதுகிறார்கள். அதிமனிதன் மெய்யியலில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. மீநாயகன் சரியாக அமைந்த சொல்தான். யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்கும்வரை காத்திருக்கிறேன். சூப்பர் ஹீரோவுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் அடிவீரா செய்தித்தாள் முதல் பள்ளிப் போட்டிவரை எங்கும் புழங்குகிறது, நம் காதுக்கு அது ‘அடி, வீரா!’ என்று யாரையோ ஏவுவதுபோல் கேட்டாலும். மீநாயகன் அப்படிப் புழங்கும்வரை சூப்பர் ஹீரோ என்று எழுதும் பிள்ளையின் மதிப்பெண்ணை நான் குறைப்பதில்லை. இல்லாத சொல்லுக்காகக் கடன் வாங்குவது வேறு. இருக்கும் சொல்லைப் பரணில் போட்டுவிட்டுப் பக்கத்துத் துறையின் சொல்லை இழுத்துவந்து உட்காரவைப்பது வேறு.

மறுநாள் அந்த மாணவர் வாக்கியத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார்: “பலரும் அறியாத இந்தச் சூப்பர் ஹீரோவின் படம், 1973-ஆம் ஆண்டு தொடங்கிய காமிக்ஸ் தொடரைத் தழுவி எடுக்கப்பட்டது.” எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “யாரோட தொடர்னு போடணும்ல ஐயா?” என்று கேட்டார். தேடி, அவரே இரண்டு பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்: எழுதியவர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின்.