செனடாப்: உடலில்லாத கல்லறையின் பெயர்

இறந்தவரின் உடல் வேறோரிடத்தில் புதைக்கப்பட்டிருக்க, அல்லது கிடைக்காமலே போயிருக்க, அவர் நினைவாக எழுப்பப்படும் கல்லறைக்குச் செனடாப் என்று பெயர். பார்வைக்கு அது கல்லறை போலவே இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. தமிழில் இதை ‘நினைவுச்சின்னம்’ என்றோ ‘கல்லறை’ என்றோ எழுதிக் கடந்துவிடுகிறோம். முன்னது பொருளை அளவுக்கு மீறி விரிக்கிறது. பின்னது பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

கிரேக்கத்தில் ‘கெனோஸ்’ என்றால் வெறுமையான. ‘தாஃபோஸ்’ என்றால் புதைகுழி. இரண்டும் கூடிய சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கரிடையே இது அலங்காரமாகப் பிறந்த சொல்லன்று. போரில் இறந்தவரை முறையாக அடக்கம் செய்வதை அவர்கள் விலக்க முடியாத கடமையாகக் கருதினார்கள். உடல் கிடைக்காதபோதும் அந்தக் கடமை நீங்கவில்லை. கருங்கடற்கரையில் மாண்ட தம் தோழர்களுள் தேடியும் கிடைக்காதவர்களுக்காகக் கிரேக்க வீரர்கள் ஒரு பெரிய வெறுங்கல்லறையை எழுப்பி மாலை சூட்டியதை, அந்தப் படையில் இருந்த செனபோன் இதே சொல்லால் குறிப்பிடுகிறார். ஏதென்ஸில் போரில் இறந்தோரின் எலும்புகளைக் குலம் வாரியாகப் பேழைகளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுசென்றபோது, காணாமற்போனவர்களுக்கென்று விரிப்பு மூடிய வெற்றுப் பாடை ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்.

இந்தச் சொல்லை உலகறியச் செய்தது இலண்டன் ஒயிட்ஹால் தெருவில் நிற்கும் நினைவுத்தூண். முதல் உலகப்போரில் இறந்த வீரர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்திருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையின் உடல் மட்டும் ஊர் திரும்ப, ஏழையின் மகன் பிரான்ஸிலேயே கிடப்பது கூடாது என்பது அந்த முடிவுக்கு ஒரு காரணம். அது நேர்மையான முடிவு என்றே கருதுகிறேன். ஆனாலும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் போய் அழுவதற்கு ஒரு குழி கூட உள்ளூரில் இல்லாமற்போனது. இந்த நிலையில், 1919 ஜூலை 19 அன்று நடக்கவிருந்த வெற்றி அணிவகுப்புக்காக, வீரர்கள் வணக்கம் செலுத்திச் செல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸிடம் அரசு கேட்டது. கேட்கப்பட்டது சவப்பெட்டியை ஏற்றி வைக்கும் மேடை. அதற்கு ‘கேட்டஃபால்க்’ என்று பெயர். லட்யன்ஸ் அதை மறுத்து, செனடாப் என்ற சொல்லை முன்வைத்தார். தோட்டக்கலை வல்லுநர் கெர்ட்ரூட் ஜீக்கிலின் தோட்டத்தில் இருந்த கனத்த இருக்கை ஒன்றுக்கு நண்பர் ஒருவர் விளையாட்டாக இட்ட பெயரிலிருந்து அச்சொல் அவர் நினைவில் தங்கியிருந்தது.

மரத்தாலும் சாந்தாலும் அவசரமாகக் கட்டப்பட்ட அந்தத் தற்காலிக அமைப்பின் அடியில் மக்கள் தாமாகவே மலர்களைக் குவிக்கத் தொடங்கினார்கள். பிள்ளையின் குழியைக் காணாத தாய்மார்கள் அதையே அவன் குழியாகக் கொண்டார்கள். அதே மாத இறுதியில் அதை நிரந்தரமாக்க அமைச்சரவை முடிவு செய்தது. போர்ட்லாண்ட் கல்லில் மறுபடி கட்டப்பட்ட தூணை 1920 நவம்பர் 11 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அதே நாளில்தான் பெயர் தெரியாத வீரர் ஒருவரின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஒன்றில் உடல் இல்லை, மற்றொன்றில் பெயர் இல்லை.

ஏறத்தாழ 35 அடி உயரமுள்ள அந்தத் தூண் மேலே போகப்போகப் படிப்படியாக ஒடுங்கி, உச்சியில் ஒரு கல்பேழையைத் தாங்கி நிற்கிறது. சொல் குறிக்கும் வெற்றுக் கல்லறை அந்தப் பேழையே. நேர்கோடுகளாகத் தெரிபவை உண்மையில் நேர்கோடுகள் அல்ல. செங்குத்துக் கோடுகள் அனைத்தும் தரைக்கு மேல் ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும்படி சாய்ந்துள்ளன. கிடைக்கோடுகளோ தரைக்குக் கீழே 900 அடி ஆழத்தில் மையம் கொண்ட வட்டங்களின் வில்கள். கிரேக்கக் கோயில்களின் தூண்களில் கையாளப்பட்ட இந்த நுட்பத்தால்தான், சிற்ப உருவம் ஏதுமற்ற அந்தக் கல்லுக்கு ஓர் உயிர்ப்பு வாய்த்திருக்கிறது. சிலுவை உள்ளிட்ட சமயக் குறிகள் எவையும் அதில் இல்லை. பல சமயத்தவர் மாண்ட போருக்கு அதுவே தகும் என்று லட்யன்ஸ் உறுதியாக நின்றார்.

இதே சொல் சென்னைக்கு வேறு வழியில், ஒரு நூற்றாண்டுக்கும் முன்னதாகவே வந்துவிட்டது. தேனாம்பேட்டையில் உள்ள செனடாப் சாலை, திப்பு சுல்தானை வென்ற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவுக்கென அங்கே எழுப்பப்பட்ட மண்டபத்தால் பெயர் பெற்றது. அவர் 1805இல் காசிப்பூரில் இறந்து, கங்கைக்கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆகவே சென்னையில் எழுந்தது உடலில்லாத நினைவிடம். மண்டபம் பிற்பாடு அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டது, சாலைக்கு மட்டும் பெயர் நிலைத்தது. தாமஸ் பாங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. வென்றவரின் புகழுக்காக எழுந்த இதையும், மாண்ட எளிய வீரர்களுக்காக எழுந்த ஒயிட்ஹால் தூணையும் ஒரே சொல் சுட்டுகிறது என்பதை மறக்கக்கூடாது. கொழும்பில் லட்யன்ஸ் வடிவமைத்து, முதலில் காலிமுகத்திடலில் நிறுத்தப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு மாற்றப்பட்ட தூணுக்கும் இதே பெயர்தான்.

இனி, நேரான தமிழ்ச் சொல் எது? பலருக்கும் முதலில் தோன்றுவது நடுகல். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுத்திருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கூடலூரில் பசுக்கூட்டங்களைக் கவர நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்குக் கல் நட்டதைச் சொல்கிறது. இவ்வளவு தொன்மையும் மதிப்பும் உள்ள சொல்லை இங்கே எடுத்தாள ஆசை எழுவது இயல்பே. ஆயினும் நான் அதை ஏற்கவில்லை. நடுகல் என்ற சொல் கல்லை நடும் செயலைச் சொல்கிறது; உடல் அங்கே இருக்கிறதா இல்லையா என்பது பற்றி அது பேசுவதில்லை. புறநானூற்றின் 264ஆம் பாடலில், பரற்கற்கள் நிறைந்த இடத்தில் பதுக்கையை ஒட்டியே, மயிற்பீலி சூட்டிப் பெயர் பொறித்த கல் நடப்படுகிறது. பதுக்கை என்பது இறந்தவரை மூடிய கற்குவியல். எனவே நடுகல்லின் அருகே உடலும் இருக்கலாம். மேலும், நடுகல் படையலும் வழிபாடும் பெறும் தெய்வம், செனடாப் அப்படிப்பட்டதன்று. பள்ளிப்படை என்பதோ இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுந்த கோயிலைக் குறிப்பதால் இன்னும் விலகி நிற்கிறது.

‘வெற்றுக் கல்லறை’ என்பது மூலச்சொல்லுக்கு நேர் பெயர்ப்பு. ஆனால் வெற்றுரை, வெற்றுப் பெருமை என்று வழங்கி வழங்கி, ‘வெற்று’ என்பதில் பயனின்மையின் சாயல் ஏறிவிட்டது. மாண்டவர் நினைவுக்கு முன்னால் அந்தச் சாயலை வைக்க மனம் ஒப்பவில்லை. ‘உடலில்லாக் கல்லறை’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். இல்லாதது எது என்பதை அது ஒளிவின்றிச் சொல்கிறது, கல்லறை வடிவத்தையும் விட்டுவிடவில்லை. கட்டுமானம் வெறும் தூணாக இருந்தால் ‘போர் நினைவுத்தூண்’ போதும். டெல்லி இந்தியா கேட் போன்றவற்றுக்கு ‘நினைவு வளைவு’ பொருந்தும். செனடாப் சாலை போல ஊர்ப்பெயராகிவிட்டதை அப்படியே விட்டுவிடலாம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உடனே தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் உடல்கள், தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க இயலாத இடுகாடுகளிலிருந்து 1952இல் அங்கே கொண்டுவரப்பட்டன, அவை கல்லறைகள். அதே வளாகத்தில், முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல ஊர்களில் புதையுண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நினைவுக்கென ஒரு கட்டுமானம் நிற்கிறது. அவர்கள் யாரும் அங்கே இல்லை. இரண்டையும் ‘கல்லறை’ என்று எழுதினால் தகவல் பிழையாகிவிடும். முன்னதைக் கல்லறைத் தோட்டம் என்றும் பின்னதைப் போர் நினைவுச்சின்னம் என்றும் பிரித்து எழுதுவதே சரி.