ஜியோபோனிக்கா: உழவு நூல்

பழைய கிரேக்க, ரோமானிய வேளாண் எழுத்தாளர்களைப் பற்றிய நூல்களில் 'ஜியோபோனிக்' என்ற சொல்லைப் பார்க்கலாம். உழவு சார்ந்தது என்று பொருள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தில் 'கே' என்றால் மண். 'போனோஸ்' என்றால் பாடு, உடல் நோக உழைப்பது. ஆக, மண்ணோடு படும் பாடு. வெறும் வேலைக்கு 'எர்கோன்' என்று வேறு சொல் உண்டு. அதை 'கே'யோடு சேர்த்துத்தான் உழவனை 'கெயோர்கோஸ்' என்றார்கள். ஜார்ஜ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

'ஜியோபோனிக்கா' என்பது 10-ஆம் நூற்றாண்டில், பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் காலத்தில் உருவான கிரேக்கத் தொகுப்பு. மொத்தம் 20 பகுதிகள். 6-ஆம் நூற்றாண்டில் காசியானுஸ் பாசுஸ் தொகுத்த நூல்தான் இதற்கு அடிப்படை. திராட்சை, ஒலிவ மரம், கால்நடை, மீன் என எல்லாம் இருக்கிறது. செத்த மாட்டிலிருந்து தேனீக்களை உண்டாக்கும் வழியும் இருக்கிறது! கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்த நூல், அப்படித்தான் இருக்கும்.

லத்தீனில் இதே துறையை 'ரெஸ் ருஸ்திகா', அதாவது நாட்டுப்புறக் காரியம், என்றார்கள். கேட்டோ, வர்ரோ, கொலுமெல்லா மூவரும் இதில் பெரிய பெயர்கள். பகை நாடான கார்த்தேஜைச் சேர்ந்த மாகோ எழுதிய 28 பகுதி வேளாண் நூலை லத்தீனில் பெயர்க்க ரோமானிய செனட்டே உத்தரவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தவர் கி.பி. முதல் நூற்றாண்டின் கொலுமெல்லா. விளைச்சல் குறைவென்றால் நல்ல கதிர்களைக் கையால் பொறுக்கி விதைக்கு எடு. நிறைய என்றால் தூற்றும்போது கனத்தால் அடியில் தங்கும் மணியை எடு என்கிறார். களத்தில் நின்று பார்த்தவரின் பேச்சு இது.

சரி, 'ஜியோபோனிக்கா' வகை நூலுக்குத் தமிழில் என்ன பெயர்? 'மண்ணியல்' என்றால் மண்ணை ஆராயும் துறையாகிவிடும். 'வேளாண் இலக்கியம்' பொருந்தும், ஆனால் 'போனோஸ்' விடுபடுகிறது. 'உழந்தும் உழவே தலை' என்று வள்ளுவர் பாடுபடுவதையும் உழவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதனால் 'உழவு நூல்' என்பதே என் தேர்வு. எழுதியவர்கள் 'உழவு நூலார்'.

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லும் இந்த வார்ப்பில் 1930-களில் கலிஃபோர்னியாவில் பிறந்ததுதான். மண்ணுக்குப் பதில் நீர், பாடு அதேதான். அதற்கு 'மண்ணில்லா வேளாண்மை' என்று வழங்குகிறோம். 'நீருழவு' இன்னும் நெருங்கி வரும்.