‘அதிவேக’ப் பவளப்பாறையும் தோய்காட்சியும்

பவளப்பாறைப் பாதுகாப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்று போன வாரம் கைக்கு வந்தது. ‘அதிவேகத் தொழில்நுட்பத்தில் கடலடியைக் காணுங்கள்’ என்று போட்டிருந்தது. பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதற்கு எங்கிருந்து வந்தது அதிவேகம்? பார்ப்பவரைக் காட்சிக்குள்ளேயே இறக்கிவிடும் தொழில்நுட்பத்தை ஆங்கிலத்தில் ‘இம்மெர்சிவ்’ (immersive) என்பார்கள்; அதைக் கொடுத்தால் மொழிபெயர்ப்பு எந்திரம் துப்புகிற சொல்தான் ‘அதிவேக’. நம்மவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

‘இம்மெர்சிவ்’ என்பதன் மூலம் லத்தீன்; தோய்த்தல், முக்குதல் என்று பொருள். அவ்வளவுதான்.

2016-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று, கடல் அமிலமாவதை விளக்க ஒரு மெய்நிகர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) அனுபவத்தை இலவசமாக வெளியிட்டது. தலையில் கருவியை மாட்டினால் இத்தாலியின் இஸ்கியா தீவுக் கடலடியில் நிற்போம். அங்கே எரிமலையின் கரியமில வாயு தரையிலிருந்து குமிழ் குமிழாக வருகிறது. திரும்பிய பக்கமெல்லாம் கடல். படத்தை எதிரே வைத்துப் பார்ப்பதில்லை, அதற்குள்ளேயே இருக்கிறோம். சொல்லில் வரவேண்டியது இந்த ‘உள்ளே’தான்.

சிலர் ‘மூழ்கடிக்கும் தொழில்நுட்பம்’ என்கிறார்கள். அதிவேகத்துக்கு இது தேவலாம். ஆனால் மூழ்கடிப்பது வெள்ளத்தின் வேலை; ஊரை, பயிரை, படகை மூழ்கடிக்கும். ஆற்றில் தானே இறங்கி முங்கிக் குளிப்பவனை யாரும் மூழ்கடிப்பதில்லை. சட்டை நனையாமல் கடலடியைப் பார்க்கலாம் என்பதுதான் இதில் விசேஷமே, அதற்குப் போய் ஆளை மூழ்கடிப்பானேன்? ‘குழந்தைகளுக்கு மூழ்கடிக்கும் அனுபவம்’ என்று பலகை வைத்தால் எந்தத் தாய் உள்ளே அனுப்புவாள்? சரி, ‘ஆழ்நிலை’ என்று வைக்கலாமே என்றால், அதைத் தியானக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் ஓட்டு ‘தோய்’ என்ற வினைக்கு. நீரில் தோயலாம், இசையில் தோயலாம். ‘தமிழில் தோய்ந்தவர்’ என்கிறோம். உடம்புக்கும் மனசுக்கும் ஒரே சொல். ‘தோய்காட்சி’ என்று வினைத்தொகையாகவும் அழகாக அமைகிறது. துணி தோய்க்கிற காட்சியா என்று நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும், துணியும் முழுசாக உள்ளே இறங்கினால்தானே அழுக்குப் போகும்.

‘மெய்நிகர்’ என்ற சொல்தான் இருக்கிறதே என்பார்கள். அது வேறு. 2012-இல் கூகுள் வரைபடத்தில் ஏறிய ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் 360 பாகைப் படங்கள் கடலுக்குள் எடுத்த அசல் புகைப்படங்கள். அவை மெய்க்கு நிகரானவை அல்ல, மெய்யே. கருவி மாட்டிப் பார்த்தால் அவையும் தோய்காட்சிதான்.