பற்றரி மாற்றியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

மார்கழி மழை. கல்முனையில் அலுவல் முடித்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. களுவாஞ்சிகுடியில் ஒரு மருந்துக்கடை வாசலில் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் வந்து சாவியைத் திருப்பினால், இழுத்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கிப் போனது. அந்தப் பற்றரி போட்டு மூன்று கிழமைதான். முன்னையதும் இப்படித்தான் ஒரு மழைநாளில் இறங்கியது. "பற்றரி செத்துப்போச்சு" என்று கடையில் சொன்னதை நம்பிப் புதியது வாங்கியிருந்தேன். ஒருவரும் வோல்ற் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பற்றரியின் பெரிய வேலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது. சில விநாடிகளுக்கு 100 அம்பியருக்கு மேல் கொடுத்துவிட்டு அது ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு காரின் மின்சாரத் தேவை முழுவதையும் பார்ப்பதும், பற்றரியில் குறைந்ததைத் திருப்பி நிரப்புவதும் அல்டனேற்றரின் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் பலர் இன்னமும் அதை டைனமோ என்பார்கள். மொரிஸ் மைனர் ஓடிய காலத்தில் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அல்டனேற்றரின் நடுவில் ரோட்டர் என்ற மின்காந்தம் இருக்கிறது. எஞ்சின் பெல்ட் அதைச் சுழற்றும்போது, சுற்றியிருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஆனால் இப்படிப் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் ஆறு டயோட்கள் நின்று ஒரே திசையில் மட்டும் ஓட்டத்தை விடுகின்றன. ரெகுலேற்றர், ரோட்டருக்குப் போகும் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வோல்ற்றை 14 அளவில் பிடித்து வைக்கிறது. ரோட்டருக்கு அந்த ஓட்டம் போவது இரண்டு சிறிய காபன் பிரஷ்கள் வழியாக. அவை தேய்ந்து முடிந்தால் காந்தமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

டாஷ்போர்ட்டில் பற்றரிப் படம் போட்ட சிவப்பு லைட் எரியவில்லையே, அப்படியென்றால் சார்ஜ் சரிதானே என்றுதான் நானும் நினைத்தேன். பழைய முறைக் கார்களில் அந்த பல்ப்பின் ஒரு பக்கம் பற்றரியும் மறுபக்கம் அல்டனேற்றரும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வோல்ற் வந்ததும் அது அணைந்துவிடும். அல்டனேற்றர் மின்சாரம் பிறப்பிக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த மின்சாரம் பற்றரி வரை போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் வயதான காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர்தான் எனக்கு அளக்கக் காட்டித் தந்தார். இரவு முழுக்கப் பற்றரியைச் சார்ஜரில் போட்டு, காலையில் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார். சார்ஜ் ஏற்றியவுடன் மேலோட்டமாக நிற்கும் பொய் வோல்ற் அப்போதுதான் இறங்கும். பிறகு மீற்றரை வைத்தார்: 12.6. நிரம்பிய பற்றரிக்கு அதுதான் கணக்கு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. "பற்றரியில பிழை இல்ல தம்பி, சாப்பாடுதான் போகல்ல" என்றார்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றரைச் சந்தேகிக்கலாம். பற்றரி கொதித்து அழுகிய முட்டை மணம் அடிக்கும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் அல்டனேற்றரே இல்லை, பெரிய பற்றரியிலிருந்து வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சுற்று சின்னப் பற்றரியை நிரப்புகிறது. அவற்றுக்கு இந்தத் தேடல் வேறு.

என் காரில் எஞ்சின் ஓட, லைட், ஏசி எல்லாம் அணைந்திருந்தபோது 13.9. ஹெட்லைட், வைப்பர், ஏசி போட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றியதும் 13.2க்கு விழுந்தது. மழையில் மட்டும் ஏன் பற்றரி இறங்கியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெல்ட் வழுக்கினாலும் இப்படி விழலாம். ஆனால் அது கீச்சிடும், பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். டயோட் ஒன்று போனாலும் விழலாம். அதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. விடியற்காலையில், இரவு முழுக்க நின்ற காரின் அல்டனேற்றரில் கையை வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால், டயோட் வழியே பற்றரி இரவெல்லாம் அதற்குள் வடிந்திருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

சிலர் எஞ்சின் ஓடும்போதே பற்றரி முனையைக் கழற்றி, எஞ்சின் நின்றால் அல்டனேற்றர் பழுது என்று முடிவு சொல்வார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். பற்றரி திடீரென்று விலகினால் வோல்ற் ஒரு கணத்தில் பல மடங்கு பாய்ந்து, நல்ல டயோட்களையும் காரின் கணினியையும் எரித்துவிடக்கூடும்.

காக்கா அடுத்ததாக மீற்றரை அல்டனேற்றரின் பிளஸ் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் வைத்தார்: 14.4. அங்கே 14.4 பிறக்கிறது, பற்றரிக்கு 13.2தான் வருகிறது. 1.2 வோல்ற் வழியில் எங்கோ போகிறது. போல்ட்டிலிருந்து பற்றரி பிளஸ் வரை அளந்தார், 0.1, குற்றமில்லை. அல்டனேற்றர் உடம்பிலிருந்து பற்றரி மைனஸ் வரை அளந்தார், 1.1. ஆள் அகப்பட்டுவிட்டது.

எஞ்சினையும் காரின் பொடியையும் (இரும்புக் கூட்டையும்) இணைக்கும் பின்னல் ஏர்த் வயர் அது. போய்வரும் மின்சாரம் அத்தனையும் அதன் வழியாகத்தான் வட்டத்தை முடிக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஓடியது 40 அம்பியர் என்று வையுங்கள், 1.1ஐ 40ஆல் பிரித்தால் 0.0275 ஓம். மீற்றரை ஓமில் போட்டு அளந்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது, சாதாரண மீற்றரின் சொந்த வயரிலேயே அதைவிடத் தடை அதிகம். ஓட்டம் பாயும்போது இழக்கும் வோல்ற்றை அளந்தால்தான் பிடிபடும். அதே தடையில் ஸ்டார்ட் பண்ணும்போது 120 அம்பியர் ஓடினால் 3.3 வோல்ற் அங்கேயே போய்விடும். எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றியதும் அதனால்தான்.

போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பூஞ்சணம் போல் தடித்த படை. கல்லடிக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வருடக்கணக்காக உப்புக்காற்று அந்தப் பின்னலுக்குள் இறங்கியிருக்கிறது. புது வயர் போட்டு, பொடியில் இருந்த துருவை உரஞ்சி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு மேலே வஸ்லின் பூசினோம். திரும்ப எல்லா லைட்டையும் போட்டு அளந்தபோது அந்த 1.1 இருந்த இடத்தில் 0.04. பற்றரியில் 14.2.

இப்போது ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில், மாரி தொடங்க முன்னம், அல்டனேற்றர் உடம்பிலும் பற்றரி மைனஸிலும் மீற்றரை வைத்துப் பார்த்துவிடுகிறேன். 0.2ஐத் தாண்டினால் கழற்றித் துடைப்பேன்.