ஸ்கிப்பிங் கயிறு எந்தப் பெட்டியில்?

மே, ஜூன் வந்தால் என் பிசியோதெரபி மையத்துக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். கோவைக்கு மாற்றலாகி வந்தவர்கள், ஆடி பிறப்பதற்குள் வீடு மாறிவிடத் துடித்தவர்கள். பெரும்பாலும் இடுப்புப் பிடிப்பு.

போன வருடம் திருச்சியிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியர், புது வீட்டில் பால் காய்ச்சிய மூன்றாம் நாளே மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பாத்திரப் பெட்டியைத் தூக்கிய கையோடு இடுப்பைத் திருப்பியிருக்கிறார். கூடவே ஒன்பது வயது மகள், நாற்காலியில் போனும் கையுமாக.

"பத்து நாளா இவ வெளிய போயே விளையாடல டாக்டர். நாங்கதான் காலைலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கோம். இதுவே எக்சர்சைஸ்தானே?" என்றார் அந்த அம்மா.

பாதி சரி. உடம்பு அசைகிறது, ஆனால் குனிவதும் தூக்குவதும்தான் திரும்பத் திரும்ப, அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. கையை வீசி நடக்கிற நடை எங்கே? அப்பா லாரிக்காரரோடு, அம்மா அடுப்படியில், பிள்ளை போனில், பாட்டி கட்டிலில். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலை.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வீடு மாறுகிறவர்களுக்கென்றே எடுத்தது போல எனக்குத் தோன்றும்!

"திருச்சியில என்ன விளையாடுவ?"

"ஸ்கிப்பிங்."

"கயிறு எங்க?"

"ஏதோ ஒரு பெட்டில."

மொத்தம் 22 பெட்டி, ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. மாத்திரை, சார்ஜர், பால் பாத்திரம் வைக்கிற முதல் பையிலேயே பந்தும் கயிறும் நடக்கிற செருப்பும் போக வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி: இரவு ஏழரைக்கு எது பாக்கி இருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டு 20 நிமிடம் எல்லோரும் தெருவில். ஆவின் பாலகம் எங்கே, இஸ்திரி வண்டி எந்த முனையில், ஸ்கூல் வேன் எங்கே நிற்கும் என்று தேடிக்கொண்டு போகலாம். வழி காட்டுவது பிள்ளை. சண்டை போட்டுக்கொண்டே நடந்தாலும் பரவாயில்லை.

இடுப்பு பிடித்தவருமா? ஆமாம். சாதாரணப் பிடிப்புக்கு நாள் கணக்கில் படுக்கை தேவையில்லை. மெதுவான நடை நல்லது. காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் போவதில் சிக்கல் என்றால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை. தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், பெட்டியை மார்போடு அணையுங்கள், திரும்ப வேண்டுமானால் பாதத்தோடு திரும்புங்கள். புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி போதும்.

பாட்டியை மறந்துவிடுகிறோம். பழைய வீட்டில் குளியலறை இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். தூக்கக் கலக்கத்தில் கால் பழைய வழியில்தான் போகும். பகலிலேயே பேத்தி கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து குளியலறைக்கு நாலு தடவை நடக்கட்டும், சுவிட்சைத் தொட்டுப் பார்க்கட்டும். அதுவும் அன்றைய நடைக் கணக்கில் சேரும்.

அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வந்தபோது அப்பா தானாகவே நடந்து வந்தார். கயிறு குக்கருக்குள் சுருட்டி வைத்திருந்ததாம். வைத்தது யார் என்று இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.