வி.டி.ஆர்.எல்.: பெயருக்குள் ஒரு கட்டடம்

கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘வி.டி.ஆர்.எல்.’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை அது. ஆனால் அந்தப் பெயரில் நோயின் பெயரும் இல்லை, சோதனை முறையின் பெயரும் இல்லை. ‘வெனீரியல் டிசீஸ் ரிசர்ச் லேபரட்டரி’, அதாவது பால்வினை நோய் ஆய்வுக்கூடம். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் நடத்திய கூடம் அது. 1946இல் அங்கே உருவான சோதனைக்குக் கூடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் நமக்குக் கிடைப்பது கட்டடம்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் இதே சோதனையைச் செய்வதை ‘சி.எஸ்.எஃப். வி.டி.ஆர்.எல்.’ என்பார்கள்; அதற்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறேன்.

சரி, சோதனையில் என்ன நடக்கிறது? மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கார்டியோலிப்பின் என்ற கொழுப்புடன் லெசித்தினும் கொலஸ்ட்ராலும் கலந்த நீர்மத்தில் ஒரு துளியை நோயாளியின் மாதிரியோடு சேர்த்துச் சுழற்றுவார்கள். சிஃபிலிஸ் தாக்கியவரிடம் உருவாகும் ஒருவகை எதிர்ப்பொருள் அந்தக் கொழுப்பைப் பற்றிக்கொள்ள, பால் திரிவதுபோல் நுண்துகள்கள் திரளும். அதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். எனவே ‘திரள் சோதனை’ என்பதே பொருத்தம். இது கிருமியை நேரே தேடுவதில்லை. அதனால்தான் லூபஸ் போன்ற வேறு நோய்களிலும் சில நேரம் ரத்தத்தில் பாசிட்டிவ் காட்டிவிடும்.

கிருமி நரம்பு மண்டலத்தைத் தாக்கியிருக்கிறதா என்று அறிய ரத்தம் போதாது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் வேண்டும். ‘செரிப்ரோஸ்பைனல் ஃபுளூயிட்’ (சி.எஸ்.எஃப்.) என்பதற்கு நூல்களில் ‘மூளைத் தண்டுவடப் பாய்மம்’ என்பதுபோல் எழுதுகிறார்கள். வார்டில் ‘முதுகுல நீர் எடுக்கணும்’ என்றுதான் பேச்சு. எனக்குத் ‘தண்டுவட நீர்’ போதும். கீழ்முதுகில் ஊசி செலுத்தி அதை எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891இல் அறிவித்தார். 1906இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வாசர்மனும் பிளாவுட்டும், சிஃபிலிஸால் மனம் சிதைந்து வாதம் கண்டவர்களின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். இன்றைய சோதனைக்கு அதுவே முன்னோடி.

ரத்த நீரை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிவிட்டுத்தான் வி.டி.ஆர்.எல். செய்வார்கள். தண்டுவட நீரைச் சூடாக்குவதில்லை. ஊசி குத்தியதில் ரத்தம் கலக்காமல் பாசிட்டிவ் வந்தால் நரம்பு மண்டலத்தில் நோய் இருப்பது ஏறக்குறைய உறுதி. நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இந்தச் சோதனை பலரைத் தவறவிடும். அதனால் அந்த நீரில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5க்கு மேல் இருக்கிறதா, புரதம் கூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அப்புறம் நோயின் பெயர். ‘சிஃபிலிஸ்’ 1530இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரகாஸ்டோரோ எழுதிய கவிதையில் வரும் சிஃபிலஸ் என்ற ஆயனின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் ‘மேகநோய்’ என்பார்கள். இந்த மேகம் வானத்து மேகம் இல்லை, சிறுநீரைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. அதற்குள் வெட்டை முதலிய பலவும் அடங்கிவிடும் என்பதால் ஆய்வறிக்கைக்கு உதவாது. ‘பறங்கிப்புண்’ அழகான சொல், நோயைக் கொண்டுவந்த ஐரோப்பியரை நோக்கிக் கைநீட்டும் சொல். ஆனால் இலங்கையில் ‘பறங்கி’ என்று அழைக்கப்பட்டது யாஸ் என்ற வேறொரு நோய். சிஃபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவுக் கிருமிதான் அதற்குக் காரணம். வி.டி.ஆர்.எல். இரண்டிலும் பாசிட்டிவ் ஆகும், இரண்டையும் பிரித்துக் காட்டாது. சோதனையே குழம்பும் இடத்தில் சொல்லும் குழம்ப வேண்டாம் என்று ‘சிஃபிலிஸ்’ என்பதையே வைத்துக்கொள்கிறேன்: தண்டுவட நீர் சிஃபிலிஸ் திரள் சோதனை.