ஹுந்தா: ராணுவம் பின்னால் வந்து ஒட்டிய சொல்

மியான்மர் செய்தி வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் 'ராணுவ ஜுண்டா' தலைகாட்டும். ஆங்கிலம் வழியாக வந்ததால் 'ஜு'. சொல்லுக்கு உரியவர்களான ஸ்பானியர்கள் 'ஹுந்தா' என்பார்கள். பொருள், கூட்டம், கூடி முடிவெடுக்கும் குழு. 'சேர்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அந்த வினைக்கும் வடமொழி 'யோகம்' என்பதற்கும் மூல வேர் ஒன்றே. இதில் ராணுவம் எங்கேயும் இல்லை. அது எப்படி வந்து ஒட்டியது என்று தெரிய சிலி நாட்டின் கதை போதும்.

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாண்டை அரியணையிலிருந்து இறக்கினார். மன்னன் இல்லாத நாட்டில் அந்தந்த ஊர்ப் பெரியவர்களே கூடி ஹுந்தா அமைத்தார்கள். வழக்கம் கடல் தாண்டி, ஸ்பெயின் ஆண்ட தென் அமெரிக்காவுக்கும் போனது. 1810 ஏப்ரலில் கராகஸ், மே மாதம் புவெனஸ் அயர்ஸ், செப்டம்பர் 18 அன்று சிலியின் சான்டியாகோ.

அந்த நாளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆளுநர் மத்தேயோ தே தோரோ சம்பிரானோ எண்பதைக் கடந்த முதியவர். நகரத்துச் செல்வந்தர்கள் நிறைந்த மண்டபத்தில், அதிகாரக் கோலை நீட்டி, 'இதோ கோல், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். 'ஹுந்தா வேண்டும்' என்று மண்டபம் முழங்கியது. குழு அமைந்தது, கிழவரே அதற்குத் தலைவரானார். மன்னர் பெயரில்தான் ஆள்வோம் என்று உறுதியும் எடுத்துக்கொண்டார்கள். முறையான விடுதலைப் பிரகடனம் 1818 பிப்ரவரியில்தான் வந்தது. ஆனாலும் சிலி மக்கள் தேசிய நாளாகக் கொண்டாடுவது செப்டம்பர் 18. ஒரு ஹுந்தா பிறந்த நாள்!

அப்புறம் சொல் மெல்ல நிறம் மாறியது. 1924 செப்டம்பரில் இளம் அதிகாரிகள் செனட் மண்டபத்துக்குள் போய் வாள் உறையைத் தரையில் தட்டி ஓசை எழுப்பினார்கள். சில நாளில் தளபதிகளின் ஹுந்தா ஆட்சிக்கு வந்தது.

1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் மாளிகையான லா மொனேதா மீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசின. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சால்வதோர் அயெந்தே மாளிகைக்குள்ளேயே இறந்தார். தரைப்படையின் பினோசே, கடற்படையின் மெரினோ, விமானப்படையின் லே, காவல்படையின் மெந்தோசா ஆகிய நால்வரும் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரும் ஹுந்தாதான். தலைமை சுழற்சி முறையில் மாறும் என்றுதான் தொடக்கத்தில் பேச்சு. பினோசே அதை விட்டுத்தரவில்லை. எதிர்த்துப் பேசிய லே 1978இல் நீக்கப்பட்டார். 1990 மார்ச்சில் ஆட்சி முடிந்தபோது கொல்லப்பட்டோர், காணாமலாக்கப்பட்டோர் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு கூட்டத்தின் பெயர் மக்கள் நடுங்கும் பெயரானது இப்படித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ராணுவ ஆட்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஹுந்தா என்பது ஆட்சி அல்ல, ஆளும் குழு. 'லே ராணுவ ஆட்சியிலிருந்து நீக்கப்பட்டார்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். 'ஆட்சிக்குழுவிலிருந்து' என்றால் நிமிர்ந்து நிற்கும். ஆகவே 'ஆட்சிக்குழு' என்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். படைத்தலைவர்கள் உட்கார்ந்திருந்தால் மட்டும் 'ராணுவ ஆட்சிக்குழு'. 1810இல் சான்டியாகோவில் கூடியவர்களுக்கு அந்த அடைமொழியைப் போட்டால் வரலாறே தலைகீழாகிவிடும்.

சிலியில் தெருவாசிகள் கூடி விளக்கு, சாலை, பூங்கா பற்றிப் பேசும் அமைப்புக்கு 1968 முதல் சட்டப்படியே பெயர் 'ஹுந்தா தே வெசினோஸ்'. அதைத் தமிழாக்கும்போது 'குடியிருப்போர் சங்கம்' என்று எழுதுங்கள்.